ஒரே ஒரு எலி

பிப்ரவரி 12, வியாழன்

இட்லிப் பானையை இறக்கும்போது விளிம்பு இடது கட்டைவிரலின் அடியில் பட்டுவிட்டது. பிறை வடிவில் ஒரு சூடு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இன்று இரண்டாமாண்டுக்கு வெள்ளெலி. மாணவர்கள் விலங்கை அறுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆசிரியர் ஒன்றை அறுத்துக் காட்டலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். எங்கள் விலங்கியல் துறை அந்தச் சந்தில்தான் வண்டி ஓட்டுகிறது. அறுப்பவள் நான். துறைத்தலைவர் குற்றாலநாதன் சார் கத்தியைத் தொட்டு இருபது வருடம் இருக்கும். இன்னொரு நிரந்தரப் பேராசிரியர் எப்போதும் ஏதாவதொரு விடுப்பில் இருப்பார். நான் கௌரவ விரிவுரையாளர், ஒன்பதாம் வருடம். அந்தக் கௌரவத்தைப் பற்றி எழுத இந்த டைரி பற்றாது. ஏப்ரலில் வேலை முடியும். ஜூனில் சார் போன் போட்டுக் கூப்பிட்டால் மறுபடி வேலை. இந்த முறை துறைக்கு ஒரு நிரந்தர இடம் வருகிறது, அதற்கு என் பெயரைத்தான் எழுதிக் கொடுக்கப் போவதாக சார் சொல்லியிருக்கிறார்.

கொடுக்கத்தான் வேண்டும். என் கை நல்ல கை. எலியின் கழுத்தில் இரத்தக் குழாயை ஒட்டி நூலைவிட மெலிதாக ஒரு நரம்பு ஓடுகிறது. அதை அறாமல் பிரித்து, அடியில் கறுப்புத் தாள் துண்டைச் செருகி, வெள்ளைக் கோடாக எடுத்துக் காட்ட இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் இரும்பு ஊசியால் நோண்டிக் கிழித்துவிட்டு, நரம்பு இல்லாத எலி என்பார்கள். நான் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கை நுனி சீவி வைத்திருக்கிறேன்.

குளோரோஃபார்ம் பஞ்சு போட்ட ஜாடியில் எலியை விடுவதையும் நானே செய்வேன். ஆய்வக உதவியாளர் ஜேசுமணி அண்ணன் மூடியைப் போட்டுவிட்டு டீக்குப் போய்விடுவார். மூடியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றால் உள்ளே அடங்குவது கைக்குத் தெரியும். சீக்கிரம் எடுத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் சுபைதா என்ற பெண் மட்டும் எலி கிடந்த தட்டின் முன்னால் நின்றிருந்தாள்.

"என்னம்மா, மயக்கம் வருதா?"

"இல்ல மேடம். போன வருசமும் இதே கொடலு, இதே ஈரல்தான இருந்திருக்கும்?"

"எலிக்கு எலி கொடலு மாறுமா?"

"அப்ப போன வருசம் அறுத்தத ஒழுங்கா வீடியோ எடுத்து வச்சிருந்தா, இன்னைக்கி இது கூட்டுக்குள்ள இருந்திருக்குமில்லா மேடம்."

ரொம்பப் பேசாதே, நோட்டில் படத்தை முடி என்று விரட்டினேன். மதியம் டப்பாவைத் திறக்கவில்லை. வெயில்தான் காரணம். மாசி பிறக்குமுன்பே இப்படிக் காய்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

மற்றொரு பேட்ச்சுக்கு இரண்டாவது எலி. வருடத்துக்கு இரண்டுதான், இந்த வருடக் கணக்கு தீர்ந்தது. மதியம் பசியில்லை. வெயில். அந்தப் பெண் கேட்டது காதைவிட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரே ஒரு எலி சார். நல்ல காமிரா, நல்ல வெளிச்சம். நான் நிதானமா அறுத்து ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லிக் காட்டுதேன். அதுக்கப்புறம் நம்ம காலேஜ்ல இதுக்காக ஒரு உயிரு போக வேண்டாம்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார்.

"மேடம், இத நான் ஒரு வருசமா மனசுல வச்சிருக்கேன். நீங்க வாயால சொல்லிட்டீங்க."

பெரிய மனிதருக்கும் எனக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. கேட்கப் பெருமையாக இருந்தது. கல்லூரிச் செயலாளரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். நிர்வாகம் சுத்த சைவம், காதில் விழுந்ததும் பூரித்துப் போவார்கள் என்றார். நிரந்தர இடத்துக்கும் இது பலமாக இருக்கும் என்றும் சொன்னார். யாருக்குப் பலம் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். உலகத்தில் எதைச் சொன்னாலும் தன் ஆபீஸில் ஒரு உதாரணம் வைத்திருப்பார்.

"ஒரு தடவ நல்லா படம் புடிச்சாச்சுன்னா, அடுத்த வருசம் நீ எதுக்கு வடிவு?"

"பாடம் நடத்த ஆள் வேண்டாமா?"

"எங்க ஆபீஸ்ல மீட்டரு தானா கணக்கு அனுப்புததுக்கு வழி சொன்னதே ரீடிங் எடுத்துட்டு இருந்த ஒருத்தன்தான். இப்ப பாவூர்சத்திரத்துல பரோட்டாக் கடை வச்சிருக்கான்." கொஞ்சம் யோசித்து, "பரோட்டா நல்லாத்தான் போடுதான்" என்றார்.

சனி பிடித்த நாக்கு. ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி ஊற்றினேன், ஊறுகாய் எடுத்து வைக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

முதல் நாள் படப்பிடிப்பு. செயலாளரின் மருமகன் காமிராக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர் போலிருக்கிறது, எலியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காமிராவை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

ஆரம்பிக்குமுன் சார் வந்தார். வளையலைக் கழற்றச் சொன்னார், மோதிரத்தையும்.

"ஆளு தெரிய வேண்டாம் மேடம். கை மட்டும் போதும். எல்லா காலேஜுக்கும் பொதுவா இருக்கணும் பாருங்க."

அதுவும் சரிதான். அறிவியலில் ஆளா முக்கியம். நீளக் கை வைத்த வெள்ளைக் கோட்டு அவருடையதையே கொடுத்தார். தோளில் தொங்கியது.

இரண்டு மணி நேரம் அறுத்தேன். முடிந்து போட்டுப் பார்த்தால் மெழுகுத் தட்டில் விளக்கு பளீரென்று அடித்து, வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது.

"ஒரே ஒரு எலின்னீங்களே டீச்சர்" என்றார் ஜேசுமணி அண்ணன். எனக்கு எரிச்சல் வந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

இரண்டு எலி. முதலாவதில் பாதியில் காமிராக்காரருக்கு போன் வந்து பேசப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் உள்ளுறுப்பெல்லாம் காய்ந்து நிறம் மாறிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. சார் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் கல்லூரி முத்திரை தெரியவில்லையே என்றார்.

வெயில் கொளுத்துகிறது. மோர் மட்டும் குடித்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

முத்திரையை ஒட்டி எடுத்தோம். ஒரு எலி முடிவதற்குள் ஒட்டு ஈரத்தில் பெயர்ந்தது. இன்னொன்றில் என் குரலில் இடறல்.

"நீங்க பேசுதது ரொம்ப நம்ம ஊரு வாடையா இருக்கு மேடம்" என்றார் சார். "பரவால்ல, கையப் பாத்து நடத்துங்க. சத்தத்த பெறவு பாத்துக்கிடலாம்."

இன்றைக்கு ஜாடி மூடியின் மேல் கை வைக்க ஜேசுமணி அண்ணனைக் கூப்பிட்டேன். எனக்குக் கையில் சூட்டுப் புண் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஒன்று. நரம்பு அறுந்துவிட்டது. என் கையில் நரம்பு அறுந்து எத்தனையோ வருடம் ஆகிறது. காமிராக்காரர்மேல் சத்தம் போட்டேன், அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை.

இவர் இரவு என் தட்டைப் பார்த்துவிட்டு, "அறுக்கிற நாள்ல நீ சாப்பிடுததே இல்லியே, கவனிச்சியா?" என்றார். நான் வெயில் என்றேன். "முந்துன வருசம் தீபாவளிக்கு முன்னால அறுத்தியே, அன்னைக்கும் வெயிலா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இவருக்கு மின்வாரியத்தில் வேலை போதவில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்று வந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், இனி இப்படி ஒன்று என் கையில் வருமோ என்னவோ.

எலியை மல்லாத்தி நான்கு காலிலும் ஊசி குத்தினேன். கீழிருந்து மேலே ஒரே வெட்டு, தோல் மட்டும், அடியிலிருந்த சதையில் கத்தி படவில்லை. வயிற்றைத் திறந்து ஈரலை மேலே ஒதுக்கினேன், அதன் மடல்கள் கிழியாமல் விரிந்தன. குடலைத் தட்டில் ஊற்றிய தண்ணீருக்குள்ளேயே சுற்றுச் சுற்றாக அவிழ்த்து இடப்பக்கம் பரப்பினேன். ஒவ்வொரு உறுப்பிலும் குண்டூசியில் சின்னக் காகிதக் கொடி நட்டேன். கடைசியாகக் கழுத்து. ஈர்க்கு நுனியால் சதையைத் தடவித் தடவி விலக்க, நரம்பு தானாகவே வெளியே வந்தது. கறுப்புத் தாளை அடியில் செருகினேன். காமிராக்காரர், அதுவரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மனிதர், கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"எக்கா, இது எப்படி அறாம வந்துச்சு?"

அது போதும் எனக்கு. முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இதிலும் சொன்னேன்: அது மல்லாந்து கிடக்கிறது, அதனால் அதன் இடது உங்களுக்கு வலப்பக்கம் தெரியும், எப்போதும் எலியின் இடதைச் சொல்லுங்கள், உங்கள் இடதை அல்ல.

சார் தோளைத் தட்டாத குறை. "மேடம், இனிமே இந்தத் துறையில கத்திக்கு வேலையில்ல."

மார்ச் 10, செவ்வாய்

ஜுரம். விடுப்பு.

மார்ச் 20, வெள்ளி

விடுதலை விழா. அப்படித்தான் பேனரில் போட்டிருந்தது. கூண்டில் மிச்சமிருந்த நான்கு எலிகளை நிர்வாகத்தார் தங்கள் கையால் தோட்டத்தில் திறந்துவிடுவது என்று ஏற்பாடு. செயலாளர், அவர் சம்சாரம், மருமகன், சார், இரண்டு பத்திரிகைக்காரர்கள். செயலாளரின் சம்சாரம் கூண்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

வெள்ளெலி கூண்டில் பிறந்து கூண்டில் தின்றே வளர்ந்தது. அதற்கு மண் தெரியாது, வளை தோண்டத் தெரியாது, ஆளைக் கண்டால் ஓடக்கூடத் தெரியாது. வெள்ளை நிறம் வேறு. இது விலங்கியல் படித்த எவருக்கும் தெரிய வேண்டிய சங்கதி. ஜேசுமணி அண்ணன் என் அருகில் வந்து, "டீச்சர், நீங்களாவது சொல்லப்பிடாதா? நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வளத்துக்கிடுதேன்" என்றார். பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்கும்போது என்னத்தைச் சொல்வது. நிரந்தர இடத்துக்கான கோப்பு செயலாளரின் மேஜையில் இருக்கிறது.

திறந்ததும் நான்கும் வெளியே வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன. ஒன்று திரும்பக் கூண்டுக்குள் போகப் பார்த்தது, மருமகன் செருப்புக் காலால் தள்ளிவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். கல்கண்டு சாதம் கொடுத்தார்கள்.

மூன்று மணிக்கு வேப்பமரத்தில் காக்காய்க் கூட்டம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு விடைத்தாள் திருத்தினேன். ஜேசுமணி அண்ணன் மம்பட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 21, சனி

பேப்பரில் படம் வந்திருக்கிறது. என் முழங்கை தெரிகிறது.

மார்ச் 30, திங்கள்

இன்று அரங்கத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன், இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் ஒரு வாசகம் வந்தது. இந்தப் படத்துக்காக எந்த உயிருக்கும் ஊறு செய்யப்படவில்லை, இயற்கையாக இறந்த எலி பயன்படுத்தப்பட்டது. அடுத்து கல்லூரி முத்திரை. அடுத்து: ஆக்கம், செய்முறை, குரல் – முனைவர் குற்றாலநாதன். கடைசியில் உதவியவர்கள் என்று ஒரு வரி, துறை ஆசிரியர்கள். மருமகன் பெயர் தனியாக இருந்தது.

என் குரல் இல்லை. சாரின் குரல். வானொலியில் செய்தி வாசிக்கிற சுத்தத் தமிழ். திரையில் இரண்டு கைகள். நல்ல கைகள். கட்டைவிரலடியில் பிறைத் தழும்பு கூடப் பளிச்சென்று தெரிந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இனி எலியாவது பிழைக்கும், பெயர் கிடக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் திரையைப் பார்த்து வாசித்திருக்கிறார். கொடி எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்தைச் சொல்லியிருக்கிறார். "வலப்பக்கத்தில் காண்பது மண்ணீரல்" என்றார். எலிக்கு அது இடப்பக்கம். இரைப்பையும் அப்படியே. மல்லாந்து கிடக்கிற உயிரின் இடதும் வலதும் மாறும் என்பது முதலாண்டுப் பிள்ளைக்குத் தெரியும். இருபது வருடம் தட்டின் முன்னால் நிற்காதவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் சாரைத் தனியாகப் பிடித்தேன். பெயரைப் பற்றிப் பேசவில்லை. இடது வலது மட்டும் சொன்னேன்.

"அட, அத யாரு மேடம் கவனிக்கப் போறா? லிங்க் எல்லா காலேஜுக்கும் போயாச்சு. இனிமே மாத்துனா நாமளே தப்பு பண்ணினோம்னு ஆகாதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "போஸ்ட் விசயம் பாதிக் கெணறு தாண்டியாச்சு. இந்த நேரத்துல எதுவும் வேண்டாம்" என்றார்.

படிக்கட்டில் சுபைதா நின்றிருந்தாள்.

"மேடம், அது ஒங்க கைதான? ஈர்க்குக் குச்சி ஒங்ககிட்டதான் உண்டு."

"இல்லம்மா" என்றேன். "சாரோட கை."

அவள் என் இடது கையைப் பார்த்தாள். சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

கடைசி வேலை நாள். வழக்கம்போல ஆய்வக அலமாரியைத் துடைத்து, கத்திகளை எண்ணெய் தடவிச் சுற்றிவைத்தேன். சார் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் மாலை ஒன்று கிடந்தது, அவருக்கு முதல்வர் பதவி வந்துவிட்டது.

உட்காரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அவர் உட்காரச் சொன்னது இதற்கு முன் ஒரு தடவையோ என்னவோ. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"ஒரு சின்ன சங்கடம் மேடம். செய்முறைக்கு வாரம் இத்தன மணி நேரம்னு காட்டித்தான அந்தப் போஸ்ட கேட்டிருந்தோம். இப்ப வீடியோ வந்தாச்சு. அறுத்துக் காட்டவும் வேண்டாம், பேட்ச் பிரிக்கவும் வேண்டாம், அரங்கத்துல உக்கார வச்சுப் போட்டுட்டா முடிஞ்சிட்டு. மணி நேரமே இல்லாம போஸ்ட் எப்படின்னு செயலாளர் கேக்காங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"கௌரவ விரிவுரையாளர் எடமாவது இருக்குமா சார்?"

"அதுவும் இந்த மணி நேரத்துல வந்ததுதான."

நான் சரி சார் என்றேன். எழுந்து நின்று, வாழ்த்துகள் சார் என்றும் சொன்னேன். என் வாய்க்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தமிழில் எத்தனையோ வார்த்தை இருக்கிறது, எங்கள் ஊரில் இன்னும் அதிகமாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பரோட்டாக் கடைக்காரனைச் சொல்லிக் காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. போய் அரிசி களைந்து உலை வைத்தார். சொல்லியிருந்தால் கூடத் தேவலை, சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூன் 15, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. போன் வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தாலும் குளிக்கப் போகும்போது போனைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போனேன்.

ஜூன் 22, திங்கள்

போன் வந்தது. ஜேசுமணி அண்ணன். எலிக் கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். தன்னை அலுவலகத்தில் தபால் ஒட்டப் போட்டிருக்கிறார்களாம். கல்லூரிக்கு ஜீவகாருண்ய விருது என்று ஏதோ அமைப்பு கொடுக்கிறதாம், வாங்க சார் சென்னை போகிறாராம்.

"ஒங்க ஈர்க்குக் குச்சி இங்க கெடக்கு டீச்சர். எடுத்து வைக்கட்டா?"

தூர எறியச் சொன்னேன். ஈர்க்குக்கா பஞ்சம், வீட்டில் விளக்குமாறு இருக்கிறது.

ஆகஸ்ட் 3, திங்கள்

தென்காசியில் நீட் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தேன். உயிரியல். கரும்பலகையும் நானும். அறுக்க ஒன்றுமில்லை. சாரல் நன்றாக விழுகிறது.

நவம்பர் 14, சனி

காலையிலிருந்து மழை. பஸ் தாமதம். வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள்.

உறுப்புகளின் இருப்பிடம் பற்றிச் சின்னத் தேர்வு. முத்துரேகா என்று ஒரு கெட்டிக்காரப் பெண், எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது.

"மண்ணீரல் எந்தப் பக்கம்மா?"

"மனுசனுக்கு இடது மிஸ். எலிக்கு வலது."

"எலிக்கும் இடதுதான்."

"இல்ல மிஸ். எங்க ஸ்கூல்ல அந்த வீடியோ போட்டாங்க. பெரிய காலேஜ் பிரின்சிபால் சார் ஒருத்தங்க எலி அறுத்தது. அவங்களே வலதுன்னு சொல்லுதாங்க." பையிலிருந்து போனை எடுத்தாள். மையத்தில் போன் கொண்டுவரக் கூடாது. நான் கண்டிக்கவில்லை.

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். திரையில் வாசகம் வந்தது, முத்திரை வந்தது, பெயர் வந்தது. பிறகு கைகள் வந்தன.

"சார் கையப் பாருங்க மிஸ். நடுக்கமே கெடையாது. எங்க பயாலஜி சார் இத நிறுத்தி நிறுத்திக் காட்டுனாங்க. இந்த நரம்பு வருது பாருங்க, இதுக்கு எல்லாரும் கை தட்டுனோம்."

"இது என்ன கட்டவிரல்ல?" என்றாள் இன்னொருத்தி.

"ஆசிட் பட்டதா இருக்கும். ஆராய்ச்சி பண்ணுதவங்களுக்கு இதெல்லாம் சகஜம்னு சார் சொன்னாங்க."

என் இடது கை மேஜைமேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இட்லிப் பானை சுட்டாலும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "போங்க மிஸ், அவ்வளவு பெரிய சார் இட்லியா அவிக்கப் போறாங்க?"

"ஒரு எலிகூடச் சாகலியாம் மிஸ் இதுக்கு" என்றாள் முத்துரேகா. "தானா செத்ததாம். அது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

"ஏழு" என்றேன்.

"என்ன மிஸ்?"

படத்துக்கு ஏழு, தோட்டத்தில் போன நான்கைச் சேர்த்தால் பதினொன்று. இரண்டாமாண்டு வகுப்பில் வருடத்துக்கு இரண்டாக ஐந்து வருடம் அறுத்தாலும் பத்துதான் ஆகும். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இதைச் சொல்லி நான் என்ன வாங்கப்போகிறேன்.

"ஒண்ணுமில்ல. எலி மல்லாந்து கெடக்கு. அதோட இடது நமக்கு வலப்பக்கம் தெரியும். மண்ணீரல் இடது. அடிச்சிட்டு எழுது."

எழுதினாள். பேனாவால் அடிக்கவில்லை, பக்கத்தில் பென்சிலால் இடது என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் படத்தை இன்னொரு தடவை பார்ப்பாள் போலிருக்கிறது.

மதியம் டப்பாவைத் திறக்கவில்லை. இவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வெயில் என்று சொல்ல முடியாது. ஊரெல்லாம் மழை.